மேற்குப் பெஞ்சின் கருத்து

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஞானதுரை அண்ணாச்சியின் மளிகைக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு. மற்ற நாட்களில் அதில் மிளகாய் மூட்டையும் வெல்ல மூட்டையும் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாட்டு நடப்பை உள்ளே விடுவார்கள். அதற்குப் பெயர் சிந்தனைச் சுடர் மன்றம்.

மதுவிலக்கை எடுத்துவிட்டிருந்த சமயம் அது. சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவனுக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. கை ரிக்‌ஷாவை ஒழிக்கலாமா, இந்தி வேண்டுமா, குடும்பக் கட்டுப்பாடு பாவமா, மனுஷன் நிலாவில் நடந்தது நிஜமா என்று மன்றம் எதையும் விட்டுவைக்கவில்லை. நிலா விஷயத்தில் மன்றம் வெகு உறுதியாக இருந்தது. நடக்கவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. நிலா இதுவரை அப்பீலுக்குப் போகவில்லை.

மன்றத்தின் விதிகள் எளிமையானவை. கிடங்கில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். கிழக்குப் பெஞ்சில் உட்கார்ந்தால் 'ஆம்'. மேற்குப் பெஞ்சில் உட்கார்ந்தால் 'இல்லை'. எங்கே உட்கார்ந்தீர்களோ அதுவே உங்கள் கருத்து. கடற்காற்று கிழக்கு ஜன்னல் வழியாக வரும் என்பதால் முதலில் வருகிறவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். ராயபுரத்தில் முற்போக்கு எண்ணம் வளர்ந்ததற்குக் கடற்காற்றும் ஒரு காரணம். ஆனால் ஜெயிப்பது என்னவோ மேற்குப் பெஞ்சுதான். புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சீக்கிரம் கோபம் வரும், கோபமாகப் பேசுகிறவனுக்குத்தான் ஜனங்கள் கை தட்டுவார்கள். எந்தப் பக்கம் கைதட்டல் பலம் என்று அண்ணாச்சி காது கொடுத்துக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். மறுநாள் காலை கடை மேலிருக்கும் ஒலிபெருக்கியில் முதலில் மன்றத்தின் முடிவு வரும். பிறகு புழுங்கல் அரிசி விலை வரும்.

இன்னொரு விதியும் உண்டு. விஷயத்தால் பாதிக்கப்பட்டவர் அதைப் பற்றிப் பேசக்கூடாது. கை ரிக்‌ஷா பற்றிப் பேசிய அன்று ரிக்‌ஷா இழுக்கும் ரஷீது தானும் பேச வேண்டும் என்று ஆசையாக வந்தார். செயலாளர் ஆறுமுகநயினார் அவரை வாசலிலேயே மறித்தார். "தாங்கள் பாதிக்கப்படுபவர். தங்களிடம் நடுநிலை இருக்காது" என்றார். ரஷீது வெளியே காத்திருந்தார். மனிதனை மனிதன் இழுப்பது நாகரிகத்துக்கே அவமானம் என்று உள்ளே முழங்கிய பேச்சாளரைக் கூட்டம் முடிந்ததும் அவர்தான் இழுத்துக்கொண்டுபோய் வீட்டில் விட்டார்.

இந்த மன்றத்துக்குள் லூர்து தெரியாமல் போய் மாட்டிக்கொண்டார். துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுவது அவர் வேலை. கை மேலே போனால் சரக்கு மேலே போகும். கை தாழ்ந்தால் தாழும். உள்ளங்கையை விரித்து நீட்டினால் எதுவாக இருந்தாலும் அந்தரத்தில் நிற்கும். அந்தச் சத்தத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது என்பதால் வேலை நேரத்தில் அவர் வாயைத் திறப்பதில்லை. வீட்டில் மனைவி சிலுவையம்மாள் இருந்தாள், அங்கேயும் அவசியம் ஏற்படவில்லை.

கிரேன் ஓட்டும் அத்தாவுல்லாதான் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். "வா மாமு, சும்மா குந்திகினு கேளு. சோக்கா டைம் போவும்" என்றார். அன்றைய தலைப்பு, பெண்கள் ஆலை வேலைக்குச் செல்லலாமா. அத்தாவுல்லா காற்றுக்காகக் கிழக்கில் உட்கார்ந்தார். லூர்துவுக்கு எங்கும் இடமில்லை, மூட்டையோரம் நின்றுகொண்டார்.

கிழக்குப் பெஞ்சுக்காரர் ஒருவர் பெண்மையின் பெருமையில் ஆரம்பித்து, ஆலை வரை வராமலே வெகுநேரம் பேசினார். அப்போதுதான் லூர்து பார்த்தார். உத்தரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயின் கயிறு மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. நேர் கீழே அண்ணாச்சியின் தலை. லூர்துவின் கை தானாக மேலே போய், உள்ளங்கை விரிந்து, 'நிறுத்து' என்று நின்றது.

"மறுக்கிறார்" என்றார் செயலாளர். கிடங்கே திரும்பிப் பார்த்தது. "பேச்சின் நடுவே கை உயர்த்தி மறுக்கும் நெஞ்சுரம் கொண்ட நண்பர் மேற்குப் பெஞ்சின் சார்பாக மேடைக்கு வரட்டும்."

"அய்ய, நான் கொழாய சொன்னேன்" என்றார் லூர்து. அதற்குள் நாலு பேர் அவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள். கயிற்றை யாரோ இழுத்துக் கட்டினார்கள். அண்ணாச்சிக்குத் தன் தலை தப்பியது கடைசிவரை தெரியாது.

மேடையில் லூர்துவுக்கு எதுவும் தோன்றவில்லை. கூட்டம் சளசளத்தது. பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். கூட்டம் கப்பென்று அடங்கியது. அத்தனை பேரையும் ஒரு கையால் அடக்கியதில் அவருக்கு உள்ளுக்குள் என்னவோ ஆகிவிட்டது. கையை மெல்லத் தூக்கினார். அத்தனை கண்ணும் கூடவே ஏறியது. வாய் தானாகத் திறந்தது.

"எண்ணூர் ரயிலுல ஆம்பள நிக்கவே எடம் இல்ல. பொம்பள மானம் எங்க நிக்கும்?"

சொல்லிவிட்டுக் கையைச் சடாரென்று கீழே இறக்கினார். கிடங்கு அதிர்ந்தது. மிளகாய் மூட்டையிலிருந்து நெடி கிளம்பி முன்வரிசைக்காரர்கள் தும்மிக்கொண்டே தட்டினார்கள். கிழக்குப் பெஞ்சும் மறந்துபோய்த் தட்டியது. பெண்கள் ஆலை வேலைக்குச் செல்லக்கூடாது என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் காலை அரிசி விலைக்கு முன்னால் லூர்துவின் வாக்கியம் ஒலிபெருக்கியில் வந்தது. டீக்கடையில் அவரிடம் காசு வாங்க மறுத்தார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர்கூட அதைச் சொல்லிக் கூட்டம் சேர்த்ததாகக் கேள்வி. லூர்து வேலை முடிந்து சாயங்காலம் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சிலுவையம்மாள் சோறு போடவில்லை.

"பக்கத்து வூட்டுல போய்ப் பாரு. அந்தப் பொண்ணு அழுதுகினு கீது" என்றாள்.

பக்கத்து வீட்டில் செல்வநாதனும் அவர் மகள் ஐரீனும் இருந்தார்கள். செல்வநாதன் ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவர். ஐரீன் எஸ்.எஸ்.எல்.சி. தேறி டைப் அடிக்கக் கற்றவள். எண்ணூரில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அவளுக்குத் தாய் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே விடிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போனவள் அவள்.

இதெல்லாம் லூர்துவுக்குத் தெரியாத விஷயமல்ல. அவளை நேர்முகத் தேர்வுக்கு எண்ணூருக்குக் கூட்டிக்கொண்டு போனவரே அவர்தான். செல்வநாதனுக்கு லீவு கிடைக்காததால் அன்று லூர்து துணைக்குப் போய்க் கம்பெனி வாசலிலேயே காத்திருந்தார். ரயிலில் தாராளமாக இடம் இருந்தது. ஐரீன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு உப்பளத்தை வேடிக்கை பார்த்தபடி வந்தாள். எதிர் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு லூர்து தூங்கியே போனார். மேடையில் கை உயர்ந்தபோது இவள் ஞாபகம் அவருக்குத் துளிகூட வரவில்லை. அந்த வாக்கியம் நன்றாக இருந்தது, சொன்னார், அவ்வளவுதான். இப்போது சோற்றைக்கூடக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.

செல்வநாதன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அது சும்மா பேசினது. நீ பொண்ண அனுப்பு" என்றார் லூர்து.

"நான் அனுப்பத்தான் இருந்தேன் லூர்து. பட்டறைல கால வைக்கறேன், ஒர்த்தன் உட்டா இன்னொர்த்தன் உன் டயலாக்க சொல்றான். போர்மேன் கூட சொல்லிகினு சிரிக்கறான். உன் பொண்ணு எங்க நிக்கப்போவுதுன்னு கேக்கறான். நான் அனுப்ப மாட்டேன்னு வாய வுட்டுட்டேன்."

"அது பொய்யிண்ணே. ரயிலுல எடம் கீது."

"எனுக்கும் தெரியும். ரயிலே எங்க பட்டறைக்குத்தான வருது. ஊரு முன்னாடி சொன்னத ஊரு முன்னாடி வாபஸ் வாங்கு. மைக்குல சொல்லு. அப்பால நான் அனுப்பறேன். எங்காதுல வந்து குசுகுசுன்னா பட்டறைக்குக் கேக்குமா?"

உள்ளே ஐரீன் இருந்தாள். லூர்துவைப் பார்த்து, "குந்துங்க சித்தப்பா, டீ போடவா?" என்றாள். லூர்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே அண்ணாச்சி கடைக்கு நடந்தார்.

அண்ணாச்சி வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார். செயலாளர் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். லூர்து விஷயத்தைச் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கருத்தை மாற்றிக்கொள்வதா?" என்றார் செயலாளர். "நண்பரே, கருத்து என்பது சட்டையல்ல, கழற்றி மாட்டுவதற்கு. அது தோல். முன்பொரு முறை முப்பிடாதி என்பவர் குடும்பக் கட்டுப்பாடு விவாதத்தின் நடுவே எழுந்து, யோசித்துப் பார்த்ததில் எதிர்ப் பெஞ்சு சொல்வது சரியாகப் படுகிறது என்றார். மன்றம் அதிர்ச்சியில் உறைந்தது. உடனே எழுந்து நின்று அவருக்கு மௌன அஞ்சலி செலுத்தினோம்."

"செத்துட்டாரா?"

"இல்லை. அவரும் எங்களோடு எழுந்து நின்றார்."

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "இங்க பாரும் லூர்து. இத்தன வருசமா மன்றம் நடத்துதேன். பேச்சக் கேட்டு ஒருத்தன் மனசு மாறினான்னு ஒரு பயல் சொல்ல முடியாது. அந்தப் பேரைக் கெடுக்க வந்திருக்கீரா? நேத்துக் கை தட்டினவன்லாம் என்னவே ஆவான்? தட்டின கையத் திரும்ப வாங்க முடியுமா?"

"அப்போ எதுக்கு அண்ணாச்சி பேசறது?" என்று கேட்டார் லூர்து. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"பேசலேன்னா அவன் என்ன நினைக்கான்னு இவனுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாத்தானே வே வெறுக்க முடியும்" என்றார் அண்ணாச்சி.

லூர்து போகாமல் நின்றுகொண்டே இருந்தார். வாடிக்கையாளர்கள் வந்து, வாங்கிக்கொண்டு, போனார்கள். வந்தவர்கள் எல்லாம் அவரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கை குலுக்கினார்கள். கடைசியில் செயலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. மன்றத்தில் எந்தச் சிக்கலுக்கும் ஒரே தீர்வுதான் உண்டு. அதைத் தலைப்பாக்கிவிடுவார்கள்.

"அடுத்த ஞாயிறு தலைப்பு, ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளலாமா. கிழக்கு வென்றால் தாங்கள் மாற்றிக்கொள்ளலாம்."

லூர்து ஓட்டமாகப் போய் செல்வநாதனிடம் சொன்னார். செல்வநாதனுக்கும் முகம் தெளிந்தது. "மன்றமே சொல்லிடுச்சின்னா பட்டறைல எவன் பேசுவான்? திங்கக்கெழம காலைல நானே ரயிலேத்தி வுடறேன்" என்றார். ஐரீன் சாப்பாடு கொண்டுபோக ஒரு தூக்கு வாங்கி வைத்திருந்தாள். அதைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாள். அந்த வாரம் முழுக்க லூர்து கோயில் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே போய் மண்டி போட்டார். சாமியிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். கிழக்கு ஜெயிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கு நிரம்பி வாசல் வரை ஆள். பேசத்தான் தடை, கேட்கத் தடையில்லை என்பதால் செல்வநாதனும் ஐரீனும் பின்னால் நின்றார்கள். லூர்து சீக்கிரமே வந்து கிழக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் வந்து தோளைத் தட்டினார்.

"எழுந்திருங்கள். இந்தத் தலைப்பால் பயன் அடைகிறவர் தாங்கள். ஆம் என்று பேசினால் அது தன்னலம்."

"அப்போ நான் பேசல. கேட்டுகினு குந்தறேன்."

"எங்கே உட்காருவீர்கள்? உங்கள் கருத்து மேற்குப் பெஞ்சில் இருக்கிறது. அது அங்கே இருக்க நீங்கள் மட்டும் இங்கே உட்கார்ந்தால் எப்படி? மேற்கின் சார்பில் தாங்கள்தான் பேசுகிறீர்கள். கூட்டம் வந்திருப்பதே அதற்குத்தான்."

லூர்து மேற்குப் பெஞ்சுக்குப் போனார். போகும்போது ஒரு முடிவு எடுத்துக்கொண்டார். உளறிக் கொட்டிவிட வேண்டியது. மோசமாகப் பேசித் தோற்றால் கிழக்கு ஜெயித்துவிடும். இதைவிடச் சுலபமான வழி இருக்க முடியாது.

கிழக்கின் சார்பில் அத்தாவுல்லா பேசினார். "நான் கிரேன் ஓட்றவன். தப்பான எடத்துல சரக்க எறக்கிட்டா இன்னா பண்ணுவோம்? திருப்பித் தூக்கி சரியான எடத்துல வைப்போம். தப்பா எறக்கிட்டோம், அங்கியே கெடக்கட்டும்னு வுடுவோமா? அவ்ளோதான் எனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கொஞ்சம் யோசித்தது. மன்றத்தில் அது அபூர்வம். பிறகு நன்றாகவே தட்டினார்கள். லூர்துவுக்கு நெஞ்சு லேசானது. பின்னால் ஐரீன் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

லூர்து எழுந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "அது வந்து... கருத்துன்றது இன்னான்னா..." என்று முணுமுணுத்தார். திட்டப்படியே உளறினார். மைக்கை விட்டுத் தள்ளி நின்றார். கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டார். யாரோ சிரித்தார்கள்.

"இன்னா நைனா, போன வாரம் எவனாவது எழுதிக் குடுத்தானா?" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது. டீக்கடைக்காரர் சிரித்தார். போன வாரம் மேடையில் ஏற்றிவிட்ட நாலு பேரும் சிரித்தார்கள். இதோ, இப்படியே உட்கார்ந்துவிட்டால் போதும். லூர்துவுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ஐரீன் ஒருத்திதான் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கை மேலே போயிற்று. உள்ளங்கை விரிந்தது. கிடங்கு அடங்கியது.

"அத்தாவுல்லா சொன்னான், திருப்பித் தூக்கி வைப்பேன்னு. வைப்பான். அவன் மேல ஒக்காந்துகினு கீறான். கீழ நிக்கிறவன் நானு. தூக்கினத அந்தரத்துல வச்சிகினு, இங்க எறக்கவா அங்க எறக்கவான்னு மாத்தி மாத்தி யோசிச்சா, கீழ நிக்கிறவன் தலைக்கு யாரு கேரண்டி?"

கை ஏறியது, அந்தரத்தில் ஆடியது, நின்றது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். "சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லிக் கையை இறக்கினார்.

அன்று தட்டிய தட்டலில் கூரை ஓடு இரண்டு கீழே விழுந்தது. அத்தாவுல்லாகூட ஒரு நிமிஷம் தட்டிவிட்டுப் பிறகு கையைப் பார்த்துக்கொண்டார். லூர்து இன்னும் கொஞ்சம் பேசினார். யாரும் பேசச் சொல்லாமலே பேசினார். பேசும்போது இனித்தது. உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று புரிந்தது.

அண்ணாச்சி எழுந்து, ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். "தன் ஆதாயத்துக்கு விரோதமாத் தானே பேசி ஜெயிச்ச உத்தமரை இன்னைக்குத்தான் இந்த மன்றம் பாக்குது" என்று லூர்துவுக்குத் துண்டு போர்த்தினார். தன் கடையில் விற்காமல் கிடந்த துண்டு அது.

வாசலில் செல்வநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை. "நீ சொன்னது நாயந்தான் லூர்து. சொன்னா சொன்னதுதான். நானும் கொஞ்சம் தடுமாறிட்டேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ஐரீன் நின்றாள்.

"மொதல்ல ஒளறினீங்களே சித்தப்பா, எனுக்காகத்தான்னு புரிஞ்சிச்சி" என்றாள். பிறகு, "நாளைக்கு நீங்க எண்ணூர் போய் கம்பெனில சொல்லிட்டு வந்துர்றீங்களா? வரேன்னுட்டு சொல்லாம நின்னுட்டா மரியாதை இல்ல. அப்பா போவ மாட்டாரு. நீங்கன்னா நல்லா பேசுவீங்க" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் லூர்து அன்று ராத்திரி கொஞ்சமாவது தூங்கியிருப்பார்.

திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு எண்ணூர் போனார். கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரி வயசானவர், கண்ணாடி போட்டவர். மேசைக்கு முன்னால் நிற்கவைத்து, "என்ன விஷயம்?" என்று கேட்டார். லூர்து வாயைத் திறந்தார். ஐரீன் என்ற பெயர் மட்டும் எப்படியோ வெளியே வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"ஐரீனா? இன்னைக்கு வரணுமே. வரலையா?"

லூர்து தலையை ஆட்டினார்.

"ஏன் வரல?"

லூர்து மறுபடி முயன்றார். சத்தம் வரவில்லை. அதிகாரி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பார்வை இளகியது. "சரி சரி, சிரமப்படாதப்பா. பேச வராதா உனக்கு? பரவாயில்ல, கையால காட்டு, நான் புரிஞ்சுக்கறேன்" என்றார்.

லூர்து மெல்லக் கையைத் தூக்கினார். விரலை மடக்கித் தன் நெஞ்சைக் காட்டினார். என்னால்தான். மறுபடியும் காட்டினார். என்னால்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உன்னாலதானா? பேச வராத அப்பனைப் பாத்துக்க ஆள் வேணும்னு வேலையையே வேண்டாம்னு சொல்லிட்டாளா?" என்றார். வெளியே திரும்பி, ஒரு டீ கொண்டுவரச் சொன்னார். எழுந்து வந்து லூர்துவின் தோளில் கை வைத்தார்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா? குடுத்து வச்சவன்யா நீ" என்றார்.